மாமாவின் முதுகும் என் இடது காலும்

நான் பிறக்கும்போது தலை முதலில் வரவில்லை, கால் வந்தது. அதிலும் இடது கால். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிய காரியம் என்று மண்ணூரில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்களாம். அதோடு விட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. கால் முதலில் வந்து பிறந்தவன் முதுகில் மூன்று தரம் உதைத்தால் சுளுக்கு விட்டுவிடும். நாலு வயதிலேயே எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது.

நானோ வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிற பையன். அப்படிப்பட்டவனை இழுத்து வந்து, விடிந்ததும், வாயில் ஒன்றும் போடுவதற்கு முன்னால், சுவரைப் பார்த்து நிற்கிற ஒரு பெரிய மனிதரின் இடுப்பில் உதைக்கச் சொல்வார்கள். குதிகாலால் மெதுவாக மூன்று தரம். உதைத்து முடித்ததும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும், பெரியவரைக் காலால் தொட்ட பாவம் போவதற்கு. இப்படி மூன்று நாள். மூன்றாம் நாள் வாழைப்பழமோ பொரி உருண்டையோ வரும். சாதாரணச் சுளுக்கு மூன்று நாளில் தானாகவே விட்டுவிடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பொரி உருண்டை தின்றுகொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

அம்மாவின் தம்பி எங்கள் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இருங்காட்டுக்கோட்டையில் இன்றைக்கு இருக்கிற கார் கம்பெனியெல்லாம் அப்போது வரவில்லை. பெங்களூர் ரோட்டை ஒட்டி இரும்புச் சாமான் செய்கிற ஒரு கம்பெனி இருந்தது. மாமாவுக்கு அதில் பிரஸ் மெஷினில் டெம்பரவரி வேலை. வயது இருபத்திமூன்று. ஒரு வருடம் ஓட்டிவிட்டால் மெடிக்கல் பார்த்து பர்மனென்ட் ஆக்குவார்கள். தாத்தாவின் கழனி பங்கு பிரிந்து ஆளுக்கு ஒரு பாத்தி என்று ஆகிவிட்டதால், மாமாவுக்கு இருந்த ஒரே பிடி அந்த வேலைதான். பர்மனென்ட் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் சாமி பேரைச் சொல்வது போலத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள்.

தொண்ணூறாம் வருட மார்கழியில் ஒரு காலையில் மாமாவால் பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. பக்கவாட்டில் உருண்டு, முட்டி போட்டு, சுவரைப் பிடித்து, ஒரு பலகையை நிமிர்த்துவது போலத் தன்னை நிமிர்த்தினார். அம்மா என்னைக் கூப்பிட்டாள். நான் உதைத்தேன். மாமா தண்ணீர் இறைத்துக் குளித்தார், ரோடு வரைக்கும் நடந்தார், பஸ் பிடித்துப் போனார். மெஷினில் கை வைக்கும்போது வலி போன இடம் தெரியவில்லையாம். சாயங்காலம் வந்து என்னைத் தூக்கிச் சுற்றினார்.

"மாப்ள, காலுல இன்னாடா வச்சிகினு கீற நீ?" என்றார்.

மறுநாள் காலையில் வலி திரும்ப வந்தது. திரும்ப உதைத்தேன், ஒன்பது மணிக்கு விட்டுவிட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே. இது பெரிய சுளுக்கு, மூன்று நாளில் போகாது, ஒரு மாதம் உதைக்கட்டும் என்று அம்மா சொன்னாள். ஒரு மாதம் மூன்று மாதம் ஆனது. தினமும் காலையில் உதைத்தால் தினமும் பத்து மணிக்குள் சரியாகிறது என்றால் வேறு என்ன சாட்சி வேண்டும்? ஊரில் என் கால் பெயர் பெற்றுவிட்டது. வாரம் முழுக்க உழைக்கிற முதுகாச்சே என்று ஞாயிற்றுக்கிழமை மாமாவை எழுந்திருக்க விடாமல் படுக்க வைப்பார்கள். அன்றைக்குத்தான் வலி அதிகமாக இருக்கும், மத்தியானம் வரைக்கும் விடாது. ஞாயிற்றுக்கிழமை என் காலுக்குச் சக்தி குறைவு என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம்.

குறை என் காலில்தான் என்று எனக்குள் ஒரு எண்ணம் வேர் விட்டது. நான் சரியாக உதைக்காததால்தான் தினமும் வலி திரும்புகிறது. மாட்டுக்கொட்டகையில் ஒரு உமி மூட்டையை நிறுத்தி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதை உதைத்துப் பழகினேன். மேலே, கீழே, சாய்வாக, குதிகாலை அழுத்தி, அழுத்தாமல். பெரிய லீவுக்குத் தண்டலத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். மாமாவின் மெடிக்கல் முடிகிறவரை என் காலை வெளியூர் அனுப்ப முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் அழவில்லை. மாமாவைப் பர்மனென்ட் ஆக்குவது என் பொறுப்பு என்று முடிவு செய்திருந்தேன்.

நடுவில் பங்குனியில் எனக்கு அம்மை போட்டது. வேப்பிலைக்கு நடுவே பத்து நாள் உள்ளறையில் கிடந்தேன். யாரும் என்னைத் தொடக் கூடாது, நானும் யாரையும் தொடக் கூடாது. உடம்பெல்லாம் எரிந்தாலும் மாமாவின் முதுகுதான் கவலையாக இருந்தது. தண்ணீர் ஊற்றி வெளியே வந்த மறுநாள் காலையில், மாமா வழக்கம் போலச் சுவரைப் பார்த்து நின்றார். அந்தப் பத்து நாள் எப்படி ஓட்டினார் என்று நான் கேட்கவில்லை.

ஆனி மாதத்தில் கம்பெனியில் பிரச்சினை வந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் மாமா கழுத்தை மட்டும் திருப்பாமல், கதவு திரும்புவது போல உடம்போடு திரும்புகிறார் என்பதை சூப்பர்வைசர் கவனித்துவிட்டார். வாரத்துக்கு ஒரு நாள் கம்பெனிக்கு வருகிற டாக்டரிடம் அனுப்பினார்கள். முட்டியை மடக்காமல் குனிந்து தரையைத் தொடச் சொன்னாராம் அவர். மாமாவின் விரல்கள் முட்டியோடு நின்றுவிட்டன. டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு வாத நோய்க்கென்றே தனி டாக்டர்கள் இருக்கிறார்கள், அங்கே காட்டி, அவர்கள் எழுதித் தருவதைக் கொண்டு வா, ஆவணியில் மெடிக்கல், அப்போது மறுபடி பார்க்கிறேன் என்றாராம்.

வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. சுளுக்குக்கு மெட்ராஸா என்றார் அப்பா. நோய் என்று ஒரு காகிதத்தில் எழுதிவிட்டால் அதுவே மாமாவின் வேலைக்கு எமன் என்றாள் அம்மா. மாமா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"வேல போனாலும் போவட்டும்க்கா. என் முதுவுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

அவர் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அம்மா கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். வழியில் பிடித்துக்கொண்டால் உதைக்க ஆள் வேண்டும், அதனால் என்னையும் கூட்டிப்போக வேண்டும். அதுதான் என் முதல் மெட்ராஸ் பயணம்.

அம்மா பயந்தது போலவே நடந்தது. பூந்தமல்லி வரை பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் மாமாவின் முதுகு இறுகிவிட்டது. இறங்கினவர் பஸ் ஸ்டாண்டு சுவரில் கை வைத்துத் திரும்பி நின்று, "அடி மாப்ள" என்றார். அவ்வளவு கூட்டத்தில் எனக்குக் கால் எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்து என் காதைப் பிடித்தாள்.

"இன்னாடா திமிரு ஒனக்கு? பெரிய மனுசன நடுரோட்டுல ஒதைக்கிற?"

மாமா சுவரைப் பார்த்தபடியே, "வுடும்மா, அவன் கால் முன்னாடி வந்து பொறந்தவன்" என்றார். அந்த அம்மா காதை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி, "எனக்கும் இடுப்புல கீதுடா கண்ணு" என்றாள். அவளையும் உதைத்தேன். ஒரு முழம் கதம்பம் கொடுத்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சீட்டு எழுதுகிற இடத்தில் ஊர் எது என்று கேட்டார்கள். மாமா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்றதும் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வருடம் மே மாதம் அங்கே குண்டு வெடித்ததற்குப் பிறகு எங்கே போனாலும் எங்களுக்கு அந்தப் பார்வை கிடைத்தது.

மூட்டு நோய் என்றால் வயதானவர்கள் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். உள்ளே பெஞ்சு முழுக்க எல்லா வயதிலும் ஆட்கள் இருந்தார்கள். என் வயதுப் பெண் ஒருத்தி, விளாம்பழம் மாதிரி வீங்கின முட்டியை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா வயதில் இருந்த ஒருவருடைய விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. நல்ல வேட்டி கட்டின ஒருவர், சிவந்து உப்பியிருந்த கால் கட்டைவிரல்மேல் ஈ உட்கார்ந்தால்கூடத் துடித்தார். நான் என் இடது காலைப் பார்த்தேன். இத்தனை பேரையும் உதைக்கிறதென்றால் சாயங்காலம் ஆகிவிடும் என்று நினைத்தேன்.

எங்களைப் பார்த்தவர் ஒரு டாக்டரம்மா. நரைத்த தலை, ரப்பர் செருப்பு. அவர் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். காலையில் எழுந்தால் எவ்வளவு நேரம் இறுக்கமாக இருக்கிறது? ஒன்பது, ஒன்பதரை வரைக்கும் என்றார் மாமா. படுத்திருந்தால் குறைகிறதா, நடமாடினால் குறைகிறதா? மாமா யோசித்தார். நடமாடினால்தான் என்றார். எப்போதாவது கண் சிவந்து வலித்திருக்கிறதா? மாமா ஆச்சரியப்பட்டுப் போனார். போன வருடம் ஒரு கண் சிவந்து வெளிச்சத்தையே பார்க்க முடியாமல் கிடந்தார். மெட்ராஸ் ஐ என்று நாங்கள் விட்டுவிட்டோம். அதற்கும் முதுகுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. குடும்பத்தில் யாருக்காவது முதுகு வளைந்திருந்ததா என்று கேட்டார். மாமா தாத்தாவைச் சொன்னார். நாற்பது வயதிலிருந்தே தரையைப் பார்த்துத்தான் நடந்தாராம். அவ்வளவு அடக்கமான மனிதர் என்று ஊரே இன்றைக்கும் அவரைப் பற்றிச் சொல்லும்.

பிறகு மாமாவின் சட்டையைக் கழற்றச் சொன்னார். இடுப்புக்கு மேலே பேனாவால் ஒரு கோடு, அதற்குப் பத்து சென்டிமீட்டர் மேலே இன்னொரு கோடு. தையல்காரர் டேப்பை வைத்துக் குனியச் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்பு என்று தெரிந்ததும் டேப்பைப் படிக்க என்னைக் கூப்பிட்டார். பன்னிரண்டு என்றேன். நல்ல முதுகு விரிந்து கொடுத்துப் பதினைந்துக்கு வர வேண்டும் என்றார். குதிகாலைச் சுவரில் ஒட்டி நிற்கச் சொன்னார். மாமாவின் பின்தலை சுவரைத் தொடவில்லை. நடுவில் என் மூன்று விரல் நுழைந்தது.

"வலி வந்தா வீட்ல என்ன பண்ணுவீங்க?"

மாமா என்னைக் காட்டினார். நான் கால் முதலில் வந்து பிறந்த கதையைச் சொன்னார். டாக்டரம்மா சிரிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை தரம், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று என்னையும் ஒரு டாக்டரைக் கேட்பது போலக் கேட்டார். பிறகு மாமாவிடம், "இவன் உதைக்காத நாள் ஏதாவது உண்டா?" என்றார்.

"பங்குனில இவனுக்கு அம்ம போட்டுச்சும்மா. பத்து நாளு."

"அந்தப் பத்து நாள் எப்படி இருந்தது?"

மாமா என்னைப் பார்க்காமல் சொன்னார். "அப்பவும் பத்து மணிக்கெல்லாம் வுட்டுடும்மா."

பங்குனியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கப்புறம் மூன்று மாதம், விடிந்ததும் விடியாததுமாகத் தூக்கத்தில் இருந்த என்னை எழுப்பி உதைக்கச் சொல்லியிருக்கிறார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா விளக்கினார். இது சுளுக்கு இல்லை. இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இருக்கிற மூட்டுகளில் வீக்கம். உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்துச் செய்கிற வேலை. விட்டுவிட்டால் முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில் போல ஆகிவிடும். அடியோடு போக்க முடியாது, ஆனால் வளைய விடாமல் பிடித்து நிறுத்தலாம். அதில் பாதி மருந்து, பாதி மாமாவின் பிடிவாதம் என்றார். அந்த நோயின் ஆங்கிலப் பெயர் மாமாவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எனக்கு இன்றுவரை வாயில் நுழையவில்லை.

சாப்பிட்ட பிறகு மாத்திரை. உயரமான தலையணை கூடாது. பீடி கூடாது. காலையும் மாலையும் பயிற்சி, முடிந்தால் நீச்சல். கண் சிவந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும். ஓய்வு மட்டும் எடுக்காதே என்றார். ஓய்வு எடுக்காதே என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கடைசியாக என் பக்கம் திரும்பினார்.

"நீ இனிமே உதைக்கக் கூடாது. இந்த மாதிரி முதுகு சீக்கிரம் முறியும். உனக்கு வேற வேலை தரேன். தினம் காலைல மாமாவைச் சுவத்துல நிக்க வச்சு, தலைக்குப் பின்னாடி எத்தனை விரல் நுழையுதுன்னு பாரு. பயிற்சி செய்யாம ஏமாத்தினா விடாதே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் மாமாவோடு பேசவில்லை. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக உமி மூட்டையை அவிழ்த்துக் கொட்டினேன்.

அடுத்த நாளிலிருந்து நான் டாக்டரம்மாவின் ஆள். ஐந்து மணிக்கு மாமாவை எழுப்புவேன். குப்புறப் படுத்து மார்பைத் தூக்குவது, பூனை மாதிரி முதுகை வளைப்பது, மூச்சை இழுத்துப் பிடிப்பது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார். கண்ணில் தண்ணீர் வந்தாலும் ஒன்றைக்கூட விடமாட்டார். இன்னும் ரெண்டு என்பேன், செய்வார். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கழனிக் கிணற்றில் இறங்கி நீந்துவார். கரையில் உட்கார்ந்து நான் எண்ணுவேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா பாய் விரித்தால் சுருட்டி வைத்துவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிப்போவேன். கூரையில் செருகியிருந்த பீடிக் கட்டைக் கண்டுபிடித்துக் குளத்தில் போட்டேன். மூன்று விரல் இடைவெளி இரண்டரை ஆனது. ஆடி முடிகிறபோது இரண்டு.

அந்த நாட்களில் சுளுக்கு என்று வந்தவர்களையும் நான் உதைக்கவில்லை. வரவர இவனுக்குக் கொழுப்பு என்றார்கள்.

மெடிக்கலுக்கு முந்தின நாள் வீட்டில் ஒரே ரகளை. சென்னைக் கடிதத்தைக் கொடுக்காதே, சரியாகிவிட்டது என்று சொல்லிவிடு என்று அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அப்பாவும் அதையே சொன்னார். ஒளித்து வைத்து வாங்குகிற வேலையைத் தினமும் ஒளித்து ஒளித்துத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்றார் மாமா. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி டாக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்தாராம். குனியச் சொன்னார். விரல்கள் முட்டியைத் தாண்டி, கெண்டைக்காலில் பாதிவரை போயின, தரையைத் தொடவில்லை. உட்கார்ந்து குனிகிற பிரஸ் வேலை வேண்டாம், ஸ்டோரிலிருந்து லைனுக்குச் சாமான் கொண்டுபோகிற நடமாட்டமான வேலையில் ஆறு மாதம் போட்டுப் பார்க்கலாம் என்று எழுதினார். ஆறு மாதம் கழித்து மாமா பர்மனென்ட் ஆனார். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவரை தினமும் நாலரை மணிக்கு எழுந்து பயிற்சி செய்தார். கழுத்து கொஞ்சம் திரும்பாமல்தான் போனது. ஆனால் எங்கள் தாத்தாவைப் போல அவர் தரையைப் பார்த்து நடக்கவில்லை.

மெடிக்கல் அன்றைக்குக் காலையில் நடந்த ஒன்று மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாமா எல்லாப் பயிற்சியையும் முடித்தார். கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். விரலை வைத்துப் பார்த்தேன், இரண்டுதான். சரியாக இருக்கிறது, கிளம்பு என்றேன். அவர் கிளம்பவில்லை. அப்படியே திரும்பி, இரண்டு கையையும் சுவரில் வைத்து நின்றார்.

"மாப்ள, ஒரே ஒரு தரம் ஒதச்சி வுட்றா."

"டாக்டரம்மா வேணாம்னு சொல்லிச்சி."

"தெரியும்டா. சும்மா கால வச்சி எட்தா போதும்."

வாழ்க்கையில் யாருக்கும் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்லியிராத நான் அன்றைக்கு இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை மாமா, உங்களுக்கே தெரியும் என்று சொன்னேன். அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாமா கையை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். சுவரில் பதித்திருந்த அவருடைய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்ததால் குளிர்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.